மூன்றாம் இளவரசர் என்ன முறை?

பத்து மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நின்று கையை வீசி நடந்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு நாள் காலையில், பன்வேல் போகிற ரயிலின் பெண்கள் டப்பாவில் வைத்து நான் விளக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடத்தின் நெஞ்சுக்குள்ளே ஒரு சின்ன அறை. அறைக்குள் ஒரு பெண். அவள் கையைத் தூக்கினால் கட்டடமும் தூக்கும். அவள் தும்மினால் அதுவும் குலுங்கும்.

"உள்ள மூச்சு முட்டாதாளா?" என்று கேட்டாள் ஆண்டாப் ஹில் அக்கா.

"ஏசி இருக்கும்" என்றார் மாட்டுங்கா மாமி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

"கணபதி ஊர்வலத்துல பெரிய கணபதி வருதுல்லா, அது வண்டியை விட்டு எறங்கி தானா நடந்தா எப்பிடி இருக்கும்? அப்பிடி நெனச்சுக்கோங்க" என்றேன்.

அக்கா பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமியை இதில் இழுக்காதே என்று அதற்கு அர்த்தம். அவள் மகள்தான் எனக்குக் கைகொடுத்தாள். "கிரேன் மாதிரிம்மா. மேல கூண்டுக்குள்ள ஒரு ஆளு உக்காந்து லேசா கையை அசைச்சா, இங்க இவ்வளவு பெரிய இரும்பு அசையுதுல்ல? அது மாதிரி." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். ஆயிரத்துச் சொச்சம் அத்தியாயம் படிக்கிற எனக்கு அந்த ஒரு சிரிப்பைப் படிக்கத் தெரியவில்லை.

ரயிலில் நான் தினம் சொல்லுகிற இந்தச் சீனத்துத் தொடர்கதை என்னிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீ, காபி, தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. அங்கே நாக்பூர்ப் பெண் ஒருத்தி, டீயை ஆறவிட்டு, போனைப் பார்த்து விசும்பிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்று இந்தியில் கேட்டேன். "இல்ல ஆண்ட்டி, சக்கரவர்த்தி அவளை நாடு கடத்திட்டார்" என்றாள். அதற்குப் பிறகு விட முடியுமா? என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் சீட்டைவிட்டு எழுந்தாள்.

நான் தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலம் பிஸ்கட் பாக்கெட்டிலும், நோட்டீஸ் போர்டிலும், "காபி இன்று ஏன் இப்படி இருக்கிறது" என்று வருகிற மெயிலிலும் நானாகக் கற்றுக்கொண்டது. அந்தக் கதையின் மொழிபெயர்ப்பு ஆங்கிலமும் ஏறக்குறைய என் ஆங்கிலம்போலவே தடுமாறும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். சீனாவில் யாரோ ஒரு பெண் தினம் ஓர் அத்தியாயம் எழுதுகிறாள். நான் தினம் ஓர் அத்தியாயம் படிக்கிறேன். இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

கதை இதுதான். எல்லை ஓரத்துக் கிரகம் ஒன்றில் இரும்புத் தாது வெட்டுகிற குடும்பத்துப் பெண், அந்த ராட்சத இயந்திரத்தை ஓட்டும் விமானி ஆகிறாள். அவளுடைய இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற மெக்கானிக், உண்மையில் அரண்மனையைவிட்டு ஒளிந்து வாழும் மூன்றாம் இளவரசன். அவனைக் கொல்ல ஒரு மந்திரி, காப்பாற்ற ஒரு ராஜமாதா. சீனப் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. அதனால் நானே இரும்புக்காரி, மூணாவது இளவரசர், பெரிய மந்திரி என்று வைத்துவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற இயந்திரமும் உண்டு. இரண்டு மனசும் ஒத்துப்போகிறதா என்று முதலில் ஒரு மிஷினில் வைத்துப் பார்ப்பார்கள்.

"பத்துப் பொருத்தமும் மிஷினே பாத்துடறதா? பேஷ்" என்றார் மாமி. "ஜோசியருக்கு வெத்தலைப் பாக்கு மிச்சம்."

எங்கள் டப்பாவின் ஏற்பாடும் சொல்ல வேண்டும். மாமி பேலாப்பூரில் ஒரு பெரிய ஆபீசில் முப்பது வருஷ கிளார்க். வடாலாவில் ஏறி, ஒரு சீட்டில் டிபன் பை, ஒரு சீட்டில் குடை, ஒரு சீட்டில் பேப்பர் என்று இடம் போட்டுவிடுவார். அடுத்த ஸ்டேஷனில் அக்காவும் மகளும். அக்காவுக்கு நெரூலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மகளுக்கு ஐரோலியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. செம்பூரில் நான் ஏறுவேன். வாஷியில் நானும் அக்கா மகளும் இறங்கி ஐரோலிக்கு வேறு ரயில் பிடிப்போம். மற்ற இருவரும் மேலே போவார்கள். ஆக, செம்பூரிலிருந்து வாஷிவரை ஒரு அத்தியாயம். கோவண்டியில் அரண்மனை, மான்குர்த்தில் சண்டை. பிறகு ரயில் வாஷி காடியின், அதாவது கடல் கழியின், பாலத்தில் ஏறும்போது சத்தமே மாறும் பாருங்கள், அங்கேதான் மந்திரி கத்தியை வெளியே எடுக்க வேண்டும். பாலம் முடிவதற்குள் நான் நிறுத்திவிடுவேன்.

"பாவி, இப்பிடியா நிறுத்துவ? பிள்ளையள எப்பிடி நான் வரிசையில நிக்க வைப்பேன்?" என்று அக்கா திட்டிக்கொண்டே போவாள். அந்தத் திட்டு ஒரு நாள் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

மார்கழி பிறந்திருந்த சமயம். மாமி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் வாஷியில் இறங்கி நடக்கும்போது அக்காவின் மகள் என் பைக் காதைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட நான் சொன்னதாச் சொல்லக் கூடாது."

சொன்னாள். அவர்கள் முன்பு தாராவியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு சாலில் இருந்தபோது பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து அறையில், ஒரு பையன். இப்போது டவர் கிரேன் ஓட்டுகிறான். வேலைக்கு வேண்டிய உடல் பரிசோதனைக்காக இவள் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்திருக்கிறான். ஊசியைக் குத்தப் போகிறவள் பரிசோதனைச் சீட்டில் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு வருஷமாகப் பழக்கம். அவன் வீட்டிலும் சம்மதம்.

"அப்புறம் என்னட்டி? ஒரே ஊரு, ஒரே ஆளுங்க."

"அம்மா ஒரே சொல்லு சொல்லுதா. சின்ன வயசுல ராக்கி கட்டின பையன், அண்ணன் முறைன்னு. சொந்தத்துல அப்பிடி ஒண்ணுமே கெடயாது சித்தி. அந்த ஒரு கயிறுதான். தை பொறந்ததும் தென்காசியிலேருந்து என்னைப் பாக்க ஆளு வாராவளாம்."

அப்போதுதான் அந்தக் கிரேன் சிரிப்பு எனக்கு விளங்கியது. மார்கழி முடிய மூன்று வாரம்கூட இல்லை. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. என் கதையிலும் அப்போது இரும்புக்காரியை இளவரசர் பெண் கேட்கிற கட்டம் வந்துகொண்டிருந்தது. சபையே எதிர்த்தும் ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்தவனைக் கட்டுகிற கதையை உருக்கமாகச் சொன்னால் அக்கா இளகுவாள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் வெகு ஜோடனையோடு சொன்னேன். எரிகிற போர்க்கப்பல், உடைந்து விழுந்த இயந்திரம், அதன் நெஞ்சுக் கதவைத் திறந்து அவளைத் தூக்கி வெளியே எடுக்கிற இளவரசர். "அங்கேயே முட்டி போட்டு, 'என்னைக் கட்டிக்கிடுதியா'ன்னு கேட்டாரு" என்று சொல்லி, பாலத்தின் மேல் கதையை நிறுத்தினேன்.

"நில்லு, நில்லு" என்றாள் அக்கா. "யாரு யாரைக் கட்டுதது?"

"இளவரசர் இரும்புக்காரியை."

"அது எப்பிடிளா? இவ அப்பனும் அவன் அப்பனும் கையைக் கீறி, அண்ணன் தம்பின்னு சத்தியம் பண்ணினாவள்லா? அப்பம் இவ அவனுக்குச் சித்தப்பா மவ. தங்கச்சி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடி மாத மழையில் ரயில் மான்குர்த்தில் ஒரு மணி நேரம் நின்றபோது சொன்ன அத்தியாயம் அது. இன்றைய சக்கரவர்த்தி அன்றைக்கு வெறும் படைத்தலைவர். அவரும் இரும்புக்காரியின் தகப்பனும் போர்க்களத்தில் உள்ளங்கையைக் கீறி, ஒரு கிண்ணத்து மதுவில் ரத்தத்தைக் கலந்து குடித்து, சகோதரர்கள் ஆனார்கள். நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"யக்கா, அது கூடப் பொறந்த அண்ணன் தம்பி இல்லல்லா..."

"ரத்தத்தை விடச் சத்தியம் பெருசுன்னு நீதானளா சொன்ன? சொல்லிட்டுக் கண்ணை வேற தொடச்ச. இப்பம் மாத்திப் பேசுத. முறை கெட்டு ஒரு கலியாணம் பண்ணி, அந்த இரும்பை வச்சு என்ன செய்ய?" என்றவள், மகளின் பக்கம் திரும்பினாள். "கேட்டியாட்டி? கதையில கூட ஒப்பாது."

வாஷி பிளாட்பாரத்தில் அந்தப் பெண் சொன்னது ஒரே வார்த்தைதான்: "சும்மா இருந்திருக்கலாம் சித்தி." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த மூன்று நாள் அக்காவும் மகளும் எங்கள் டப்பாவில் ஏறவில்லை. முன்னால் இருக்கிற பெண்கள் டப்பாவில் ஏறிப் போய்விட்டார்கள். குடை ஒரு சீட்டிலும் பேப்பர் ஒரு சீட்டிலும் கிடந்தன. நான் கதை சொல்லவில்லை, மாமியும் கேட்கவில்லை. கோவண்டி வந்தபோது மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கதை சொல்றவா ஒண்ணை மறக்கப்படாது, கேட்டியா? கேக்கறவாளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றார். இந்த ஒரு சொல்லை நான் எங்கேயாவது எழுதி ஒட்டி வைக்க வேண்டும்.

இந்த மூன்று நாளும் நான் செய்த வேலை, கதையில் இன்னும் படிக்காத அத்தியாயங்களுக்குத் தாவித் தேடியதுதான். இருநூறு அத்தியாயம் தேடினேன். அந்தக் கல்யாணத்தைப் பெரிய மந்திரி எதிர்க்கிறான். சுரங்க உரிமை போய்விடும் என்கிறான், கப்பற்படை இரண்டாகும் என்கிறான், பெண் எதிரியின் ஒற்றாள் என்கிறான். முறை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை! அடியில் எந்தெந்த நாட்டிலிருந்தோ வாசகர்கள் சிவப்பு இதயமாகப் போட்டு நிரப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. உலகத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டவள் ஆண்டாப் ஹில் அக்கா ஒருத்திதான். எனக்கு அவள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

நாலாம் நாள் செம்பூரில் ஏறுகிறேன், அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மகள்.

"கதைக்காவ வரல" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே. "அந்த டப்பாவுல ஒரே மீன்கூடை." கோவண்டி தாண்டும்வரை பொறுத்தாள். பிறகு, "அந்தப் புள்ள அடிபட்டுக் கெடந்துதே, பொழச்சாளா? அதை மட்டும் சொல்லு."

"பொழச்சுட்டா. ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு அந்தக் கதையில பதில் இல்லக்கா. இருநூறு அத்தியாயம் தேடிப் பாத்துட்டேன். அந்தச் சபையில ஒருத்தருக்கும் அது தோணல."

அக்காவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஒரு சாம்ராஜ்யத்துக்கே தோன்றாதது தனக்குத் தோன்றியிருக்கிறதே என்கிற வெளிச்சம்.

"கேள்வி நல்ல கேள்வியாக்கும்" என்றார் மாமி. "ஆனா ஒண்ணு. எங்க ஆபீஸ்ல யார் கையெழுத்துப் போட்டாளோ அவாதான் பொறுப்பு. சத்தியம் பண்ணினது அப்பாக்கள். பசங்க ஒண்ணும் பண்ணலையே?"

"ஆபீசு வேற, ஒறவு வேற மாமி. ஒரு தடவை ஆனா ஆனதுதான். எங்க வீட்டுலேயே எடுத்துக்கோங்களேன்" என்று அக்கா ஆரம்பித்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நாங்க தாராவி சால்ல இருக்கையில, எதிர்க் கோலி மராட்டிக்காரவியளப் பாத்து நாங்களும் ராக்கி கட்டுவோம். இவளுக்கு அஞ்சு வயசு. பக்கத்துக் கோலி பயலுக்கு எட்டு இருக்கும். புதுச் சட்டை போட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்கான். தட்டுல தீபம் எரியுது, பேடா இருக்கு. இவ என்னடான்னா கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்கிட்டா. அவனுக்குக் கட்ட மாட்டேன்னு ஒரே அழுகை. முந்தின நாளு இவ பட்டத்தை அவன் கிழிச்சுட்டானாம். காலைப் பிடிச்சு இழுத்தும் வரல."

"அப்புறம்?" என்றார் மாமி.

"அவன் அம்மா நிக்கா. வாசல்ல நாலு பேரு நிக்காவ. மானம் போவுதேன்னு நானே எடுத்துக் கட்டி விட்டேன்."

"யாரு?"

"நாந்தான். இவளுக்காவ."

மாமி கண்ணாடியை மூக்கின்மேல் சரியாக ஏற்றிக்கொண்டார். முப்பது வருஷம் பைல் பார்த்த பார்வை. "அவளுக்காக நான் போட்டேன்னு சொன்னா எங்க ஆபீஸ்ல செல்லாது. எந்தக் கை கட்டித்தோ அந்தக் கைக்குத்தான் உறவு. அப்போ அந்தப் பையன் நோக்குத் தம்பியாக்கும்."

அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

குனிந்திருந்த மகள் நிமிர்ந்து, ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "அப்பம் எனக்குத் தாய்மாமன்."

எங்கள் பக்கத்தில் தாய்மாமனைவிடப் பெரிய முறை எது? அவன் வேண்டாமென்று எழுந்து போன பிறகுதானே வெளியில் மாப்பிள்ளை தேடுவார்கள்! நான் சிரித்த சிரிப்பில், எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த மராட்டி அம்மாள் "காய் ஜாலா?" என்று, என்ன ஆயிற்றெனக் கேட்டாள். இந்தியில் விளக்கினேன். "மாமாவோடயா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு விளக்கப்போய் எனக்கே மூச்சு வாங்கியது. மாமி மட்டும் சிரிக்காமல் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அக்கா காடியின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாஷியில் நாங்கள் எழுந்தபோது மகளைக் கேட்டாள்: "அன்னைக்கு எதுக்குட்டி அப்பிடி அழுத?"

"பட்டத்துக்குத்தாம்மா."

"பட்டத்துக்காம்" என்றாள் அக்கா, எங்களைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தாராவிக்குப் போய், அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்து, அன்றைக்குக் கட்டியது யார் என்று கேட்கப் போகிறாள் என்பதை மகள் எனக்கு போனில் சொன்னாள். அவர்கள் மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அன்றைக்கு நான் சாதத்துக்கு உப்பைப் போட்டேனா, குழம்புக்குப் போட்டேனா என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை ஏறினேன். அக்காவின் முகம் கடுகடுவென்று இருந்தது. நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பியாம் தம்பி! இருவது வருசத்துல அக்காளுக்கு ஒரு சேலை எடுத்துத் தந்திருக்கானா? ராக்கி கட்டின கைக்கு ஒரு ஜாக்கெட்டுத் துணி?"

மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பயந்து குனிந்து பார்த்தேன். சிரிக்கிறாள்!

"அப்பம் தென்காசிக்காரங்க?" என்றேன்.

"நேத்தே போன் போட்டுச் சொல்லியாச்சு. தாய்மாமன் உரிமைன்னு வந்து நிக்கான், நான் என்ன செய்யட்டும்னு. அதுக்கு மேல அவியளும் என்னத்தப் பேச?"

அன்றைக்குப் பாலம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. பின்னொரு நாள் மாமியும் நானும் மட்டும் இருந்தபோது, "மாமி, உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டேன். "நேக்கென்ன தெரியும்?" என்று பேப்பரைப் பிரித்தவர், இரண்டு பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கிரேன்னு சொல்லிட்டு வெளியில பாத்துச் சிரிச்சுதே, அன்னிக்கே."

பொங்கல் கழிந்த வாரம் அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு ரயிலுக்கு வந்தாள். பச்சை நிறம், கடுகு நிறக் கரை. பையன் நேரில் கொண்டுவந்து கொடுத்தானாம். "அக்கா" என்று ஆண்டாப் ஹில் சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே படியேறினானாம். "கூண்டுக்குள்ள உக்காந்து கத்திக் கத்திப் பழக்கம்" என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டாள். குறைப்படும்போதே முந்தானையை இரண்டு தரம் நீவிவிட்டாள்.

வைகாசியில் கல்யாணம். அதற்கு முன்னால் அக்கா எனக்கும் ஓர் உத்தரவு போட்டாள். இரும்புக்காரியின் விவகாரத்தையும் ஒழுங்கு பண்ண வேண்டும். போர்க்களத்தில் அவள் தகப்பனுக்குக் கையில் கட்டு. அதனால் சத்தியக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தது அவள் தாய். ஆகவே சக்கரவர்த்திக்கு அவள் தாய்தான் தங்கச்சி. மூன்றாம் இளவரசர், மாமன் மகன். சுத்தமான முறை.

அப்படியே மாற்றிவிட்டேன். தினம் ஓர் அத்தியாயம் எழுதுகிற அந்தச் சீனத்துப் பெண் என்னை மன்னிக்க வேண்டும். அவளுடைய கதையில் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. பெரிய மந்திரி நேற்றுகூட ராஜமாதாவின் மருந்தில் எதையோ கலந்துவிட்டான். பாலத்தின் மேல் அதைச் சொல்லி நிறுத்தியபோது மாமி உச்சுக்கொட்டினார். அக்கா அசையவில்லை.

"மந்திரி என்னமும் செய்யட்டும்ளா. முறை சரியா இருக்கு. மத்ததை அந்தப் புள்ள பாத்துக்கிடும்" என்றாள்.